கட்சே முதல் காரீப் வரை: டர்பனிலிருந்து ஆரஞ்சு ஆற்று அணைகளுக்கு

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் சொந்தக்காரர் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு லெசோத்தோ மலைத் தண்ணீர். அங்கே செங்கு என்று பிறக்கும் ஆறுதான் தென்னாப்பிரிக்காவுக்குள் ஆரஞ்சு ஆகி, கடைசியில் நமீபியாவுக்கு எல்லையாக ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. டர்பன்காரர்கள் பலர் சானி கணவாய் ஏறி, பனியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். லெசோத்தோவின் கட்சே அணைக்கும் தென்னாப்பிரிக்காவின் காரீப் அணைக்கும் வழி வேறு.

டர்பனிலிருந்து ஹாரிஸ்மித் சுமார் 300 கி.மீ. அங்கிருந்து கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க், காலெடன்ஸ்பூர்ட் எல்லை. வாடகைக் கார் என்றால் எல்லை தாண்டலாம் என்ற அனுமதிக் கடிதம் அவசியம். கடன் முடியாத சொந்தக் காருக்கு வங்கிக் கடிதம். இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் லெசோத்தோ விசாவோடு, தென்னாப்பிரிக்க விசா மறுபடி உள்ளே வர இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராண்ட் அங்கே செல்லும். ஆனால் மீதியாகக் கிடைக்கும் லெசோத்தோ பணமான மலோட்டியை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இந்தப் பக்கம் வாங்க மாட்டார்கள்.

எல்லை தாண்டியதும் லெரிபேயில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு மலை ஏறுங்கள். மாஃபிகா லிசியூ கணவாய் 3,090 மீட்டர் உயரம். தார்ச்சாலைதான், ஆனாலும் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாலையில் பனி உறையும். வளைவுகளில் மாடும் ஆடும் நிற்கும். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

கட்சே அணை 185 மீட்டர் உயரம், மேட்டூர் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கொள்ளளவோ 1,950 மில்லியன் கன மீட்டர், நம் கணக்கில் 69 டி.எம்.சி.; மேட்டூரின் முக்கால் பங்குதான். குறுகலான பள்ளத்தாக்கு, அதனால் ஆழம் அதிகம், பரப்பு குறைவு, ஆவியாகும் நீரும் குறைவு. சுவர் கிடைவாக்கிலும் மேல்கீழாகவும் வளைந்து, நீரின் பாரத்தை இருபுறப் பாறைகளுக்குத் தள்ளிவிடுகிறது. வழிகாட்டியோடு சுவருக்குள் போகலாம், ஸ்வெட்டர் வேண்டும். 1995-96இல் நீர் நிரம்பத் தொடங்கியபோது அந்தப் பாரத்தால் சிறு நிலநடுக்கங்கள் வந்தன. மாபெலெங் கிராமத்தின் வழியே சுமார் ஒன்றரை கி.மீ. நீளத்துக்கு நிலம் வெடித்தது.

பலர் சுவரைப் பார்த்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் போகும் வாசல் அங்கே இல்லை. ஏரியின் வட முனையில், ஹா லெஜோனே பக்கம் பாலத்திலிருந்து தெரியும் அந்தக் கோபுரம்தான் மதகு. அங்கிருந்து 45 கி.மீ. சுரங்கம் வழியே முயேலா மின் நிலையம் (72 மெகாவாட்), மறுபடி 37 கி.மீ. சுரங்கம், கிளாரன்ஸ் அருகே ஆஷ் ஆறு, அப்புறம் ஜோகன்னஸ்பர்க் பகுதிக்கு நீர் தரும் வால் (Vaal) அணை. முழுக்கச் சரிவு ஓட்டம், ஒரு பம்பு கூட இல்லை. இதே நீரைக் கீழே பிடித்து மேலேற்றினால் தென்னாப்பிரிக்காவுக்குச் செலவு எவ்வளவோ கூடும். அந்த மிச்சத்தில் 56 சதவீதம் லெசோத்தோவுக்கு என்பது 1986 ஒப்பந்தம். அண்டை நாடுகள் நீருக்கு விலை பேச இது நல்ல முறை என்றே நினைக்கிறேன். குறையும் உண்டு: கட்சேக்குக் கீழே ஆற்றுக்கு முதலில் விடச் சொன்னது நொடிக்கு அரை கன மீட்டர்தான். ஒரு மலை ஆறு அதில் பிழைக்காது. பின்னால் ஆய்வு செய்து அளவைக் கூட்டினார்கள்.

காரீப் போக ப்ளூம்ஃபோன்டெயின் வந்து என்1 சாலையில் தெற்கே சுமார் 200 கி.மீ. 1971இல் முடிந்த அணை. 88 மீட்டர் உயரம், சுமார் 190 டி.எம்.சி., அதாவது இரண்டு மேட்டூர். நேரமிருந்தால் ஒவிஸ்டன் போங்கள்: 82.8 கி.மீ. சுரங்கம் அங்கே தொடங்கி, கிழக்கு கேப்புக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது.

காரீப்பில் சேரும் காலெடன் எப்போதும் செம்பழுப்பு. லெசோத்தோ எல்லையிலேயே ஓடிவரும் ஆறு. அரிப்பெடுத்த மேய்ச்சல் நிலத்து மண்ணெல்லாம் அதில்தான் இறங்குகிறது. அதன் மேல் 1973இல் கட்டிய வெல்பெடாக்ட் அணையில் மூன்றே ஆண்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வண்டல் நிரம்பியது. வெப்பனர் வழியாகப் போகிறவர்கள் அங்கே அரை மணி நேரம் நிறுத்துங்கள். காரீப்பில் அணை நிரம்பி நீர் வழிவதைப் பார்க்க, கோடை மழை நன்றாகப் பெய்த ஆண்டில் பிப்ரவரி, மார்ச் தான் சரியான மாதங்கள். கிளம்புமுன் தென்னாப்பிரிக்க நீர்வளத் துறை வாரந்தோறும் வெளியிடும் அணை நிலவரத்தைப் பாருங்கள். நூறு சதவீதத்துக்கு மேல் இருந்தால் தைரியமாகப் புறப்படலாம்.