'பிந்தித்தான் பேசுவான்' என்று காத்திருக்காதீர்கள்

"ஆம்பிளப் பிள்ளை, பிந்தித்தான் பேசுவான்." மட்டக்களப்பில் பல வீடுகளில் கேட்கும் சொல் இது. இதை நம்பிக் காத்திருந்தால் பறிபோவது முதல் 3 வருடம். மூளை வேகமாக வளரும் காலமே அதுதான்.

கிளினிக் கொப்பியில் விருத்திப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 9 மாதத்தில் யாரும் பிடிக்காமல் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லையா, 18 மாதத்தில் நடக்கவில்லையா, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? அடுத்த நிறை பார்க்கும் நாள்வரை வைக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளைக்குக் கணக்கு வேறு: முழு மாதம் 40 கிழமை, 32 கிழமையில் பிறந்திருந்தால் 2 வயதுவரை வயதில் 8 கிழமை கழிக்க வேண்டும்.

ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிப்பது கெட்டித்தனமல்ல, மற்றக் கை பலவீனமாக இருக்கலாம். பேச்சு பிந்தினால் முதலில் காதுப் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. சில சத்தங்கள் மட்டும் கேட்காத பிள்ளையும் திரும்பும்.

கால் இறுகிய பிள்ளையை இடுப்பில் தூக்கும்போது இரண்டு காலையும் அகட்டி வையுங்கள். சேர்த்துப் பிடித்தால் தொடைத் தசை தளர இடமில்லை. சோறு ஊட்டும்போது தலையைப் பின்னால் சாய்த்தால் புரைக்கேறி உணவு நுரையீரலுக்குள் போகலாம். நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி ஊட்டுங்கள். சில்லு வைத்த வோக்கர் வேண்டவே வேண்டாம், தரையில் பாய் போதும்.