வால்வு ஆபரேஷனுக்கு முன் பல் டாக்டர்

ஆஸ்திரேலியாவின் வடக்கே, அர்னெம் லேண்டில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். இருபதுகளில் இருக்கும் ஒரு பூர்வகுடிப் பெண்ணை இதய வால்வு ஆபரேஷனுக்கு அனுப்பிவைத்த கதை இது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவலாம்.

அவருக்கு ருமாட்டிக் இதய நோய். தொண்டையிலோ தோலிலோ ஸ்ட்ரெப் கிருமி தொற்றினால், அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு சில பேருக்கு வால்வையே பதம்பார்த்துவிடுகிறது. நகரத்து டாக்டர்கள் பலர் இதைப் பாடத்தில்தான் படித்திருப்பார்கள். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே வருகிறது. ஒரே வீட்டில் மூன்று குடும்பம், தண்ணீர் வராத குழாய், ஆறாத சிரங்கு. காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

வால்வு மோசமாகக் கசிவது எக்கோ என்ற இதய ஸ்கேனில் தெரிந்தது. எங்கள் பகுதியான நார்தர்ன் டெரிட்டரியில் திறந்த இதய அறுவை கிடையாது. டார்வின் போய், அங்கிருந்து அடிலெய்டுக்குப் பறக்க வேண்டும். தூரம்தான் பிரச்சினை என்று நினைத்தேன். இழுத்தடித்ததோ பல்! சொத்தைப் பல்லின் கிருமி ரத்தம் வழியாகப் போய் புது வால்வில் தங்கிவிடும் என்பதால், பல் டாக்டர் பார்த்துச் சரி சொல்லாமல் தேதி கிடைக்காது. எங்கள் ஊருக்கு அவர் வருவதே அபூர்வம், மழைக்காலத்தில் ரோடும் கிடையாது. எனவே ஆபரேஷன் பேச்சு எழுந்த அன்றே பல்லுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் துணைக்கு ஆள். பெரியவர்தானே, தனியாக வரட்டும் என்றது நோயாளிகளுக்கு டிக்கெட் போடும் பயண அலுவலகம். ஆங்கிலம் அவருக்கு வீட்டில் பேசாத மொழி என்பதை டாக்டர் கடிதத்தில் அழுத்தி எழுதிய பிறகே சித்திக்கும் டிக்கெட் வந்தது.

எந்த வால்வு என்பதைத்தான் நிதானமாகப் பேசினோம், மொழிபெயர்ப்பாளரோடு. உலோக வால்வு நீடித்து உழைக்கும்; ஆனால் ஆயுளுக்கும் வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கர்ப்பத்தில் சிசுவுக்கு ஆபத்து. விலங்குத் திசுவில் செய்த திசு வால்வு இளம் வயதில் சீக்கிரம் தேயும், மறுபடி ஆபரேஷன் வரும். "பரிசோதனை மெஷின் நம்ம கிளினிக்ல எப்பவும் ஓடுமா?" என்று சித்தி கேட்டார். என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. குழந்தை வேண்டும் என்ற அந்தப் பெண் திசு வால்வைத் தேர்ந்தெடுத்தார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஸ்ட்ரெப் மறுபடி தொற்றாமல் இருக்கப் போடும் பென்சிலின் ஊசி மட்டும் நிற்காது, 28 நாளுக்கு ஒரு தடவை. தவறிவிடக் கூடாது என்று 21ஆம் நாளிலிருந்தே ஆளைத் தேடுவோம். போன முறை மீன்பிடிக்கப் போயிருந்தார். குளிர்பெட்டியோடு நானே படகுத்துறைக்குப் போய்ப் போட்டேன்.