முகமாலையில் ஒரு மீற்றர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் பேருந்தில் செல்பவர்கள் முகமாலையைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு யன்னலுக்கு வெளியே பார்ப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். ஷெல்லடியில் தலையிழந்த பனைகளுக்குக் கீழே, முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசத்துடன் பெண்கள் மண்டியிட்டிருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் சிவப்பு முனை கொண்ட தடிகள் வரிசையாக நிற்கும். 2000 ஆம் ஆண்டில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்ததிலிருந்து 2009 இன் தொடக்கம் வரை இராணுவத்தின் முன்னரங்கும் புலிகளின் முன்னரங்கும் எதிரெதிரே நின்ற நிலம் இது. இரு தரப்பும் இங்கே மிதிவெடிகளைப் புதைத்தன. அந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையே அகப்பட்ட காணிகளில் ஒன்று, என் பெரியம்மாவின் தென்னங்காணி.

உலக சமாதானம், நாடுகளின் ஒருமைப்பாடு என்ற பெரிய சொற்களைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் அந்தக் காணிக்கே போகிறது. காரணம், அச்சொற்கள் மண்ணைத் தொட்ட இடத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

வேலி மறைவில் நின்று அந்த வேலையைப் பார்க்க ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு மீற்றர் அகலமான ஒரு பாதை. ஈய நிறத்தில் காய்ந்து கிடந்த மண்ணை அவர் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தார். மேலிருந்து அழுத்தினால் வெடிப்பது பக்கத்திலிருந்து தொட்டால் வெடிப்பதில்லை என்பதே அந்த முறையின் அடிப்படை. உலோகம் கண்டறியும் கருவி ஒலித்தபோது அவர் நின்றார், கத்தரிக்கோலால் புல்லை வெட்டினார், கிண்டினார், இறுதியில் ஒரு சோடாப் போத்தல் மூடியை எடுத்து வாளிக்குள் போட்டார். ஒவ்வொரு மூடியையும், ஒவ்வொரு ஷெல் துண்டையும் மிதிவெடி என்றே கருதித் தோண்ட வேண்டும். ஏனெனில் பிளாஸ்ரிக்கால் செய்த மிதிவெடிக்குள் இருக்கும் உலோகம் அந்த மூடியைவிடக் குறைவாக இருக்கலாம். அன்று முற்பகல் முழுவதும் அவருடைய தடி முன்னே நகர்ந்த தூரம் ஒரு பாய் விரிக்கும் நீளம்கூட இல்லை.

அந்தத் தடி நகர்வதற்கு எத்தனை நாடுகள் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது என்பதுதான் நான் எழுத வந்த விடயம்.

ஒரு மிதிவெடியைச் செய்யச் சில டொலர் போதும். அதை எடுக்கப் பல நூறு டொலர் வேண்டும். அது ஆளைக் கொல்வதற்கென்று செய்யப்படுவதுகூட இல்லை. காலைப் பறித்துவிட்டால், விழுந்தவரைத் தூக்க இன்னும் இருவர் வருவார்கள் என்பதே அதைச் செய்தவர்களின் கணக்கு. இந்தக் கணக்குக்கு எதிராக, மிதிவெடிகளை முற்றாகத் தடை செய்யக் கோரி, 1992 இல் ஆறு தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து ஓர் அனைத்துலகப் பிரசாரத்தைத் தொடங்கின. ஜோடி வில்லியம்ஸ் அதை ஒருங்கிணைத்தார். ஐ.நா.வின் ஆயுதக் குறைப்பு மன்றத்தில் இக்கோரிக்கை நகரவில்லை, ஏனெனில் எல்லா நாடுகளும் இணங்கினால்தான் முடிவு, ஒருவர் வடத்தை விட்டாலும் தேர் நின்றுவிடும் என்ற விதி அங்கே நடைமுறையில் இருந்தது. 1996 ஒக்டோபரில் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டின் முடிவில் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லொயிட் அக்ஸ்வேர்தி, ஓராண்டுக்குள் ஒரு தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் திரும்பி வாருங்கள் என்று எல்லோரையும் அழைத்தார். வல்லரசுகளைக் கேட்காமல் விடுக்கப்பட்ட அழைப்பு அது. நோர்வே, ஒஸ்திரியா, தென்னாபிரிக்கா போன்ற நடுத்தர நாடுகள் துணை நின்றன. 1997 டிசம்பரில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

கையெழுத்திட்ட அடுத்த வாரம் ஒஸ்லோவில் அந்தப் பிரசாரத்துக்குரிய நோபல் பரிசை அதன் சார்பில் பெற்றுக்கொண்டவர்களுள் ஒருவர், கம்போடியாவைச் சேர்ந்த டுன் சன்னரெத். 1982 இல் மிதிவெடியில் இரு கால்களையும் இழந்து, பின்னர் தம்மைப் போன்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்துகொடுப்பவரானவர் அவர். அந்த மேடைக்கு அவரை அனுப்ப வேண்டுமென்று முடிவு செய்தவர்களுக்கு என் வணக்கம்.

இந்தக் கதையைத் தூய வெண்மையில் எழுத எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் இந்தியாவும் பாகிஸ்தானும் அந்த ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவில்லை. இலங்கையும் 2017 டிசம்பரில்தான், போர் முடிந்து எட்டு ஆண்டுகளின் பின்னர், சேர்ந்தது. ஆனால் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் அமெரிக்காதான் உலகெங்கும் மிதிவெடி அகற்றலுக்கு மிக அதிகமாக நிதி கொடுத்த நாடுகளுள் ஒன்று. எங்கள் வன்னியிலும் ஜப்பான், பிரித்தானியா, நோர்வே ஆகியவற்றுடன் அதன் பணமும் கலந்திருக்கிறது. ஒத்துழைப்பு என்பது இப்படித்தான், முரண்பாடுகளோடு சேர்ந்தே வருகிறது. வெடியில் கால் இழந்த எங்கள் அயலவர் ஒருவருக்கு அதைப் பற்றி விவாதிக்கப் பொறுமை இல்லை. ராஜஸ்தானில் உருவான ஜெய்ப்பூர் காலை மாட்டிக்கொண்டு அவர் சேற்று வயலில் இறங்குகிறார். பாதணி இல்லாமல் நடக்கவும் குந்தியிருக்கவும் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றவாறு ரப்பரால் வடிவமைக்கப்பட்ட கால் அது.

இடையில் ஓர் எலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகாவா என்ற அந்தப் பெரிய ஆபிரிக்க எலி தன்சானியாவில் பிறந்தது. பெல்ஜியம் நாட்டவர்கள் தொடங்கிய அமைப்பொன்று அதைப் பழக்கியது. கம்போடிய நிலத்தில் வெடிமருந்தின் வாசனையைப் பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட வெடிபொருள்களை அது காட்டிக்கொடுத்தது. 2020 இல் பிரித்தானியாவின் விலங்குநல அமைப்பொன்று அதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது. நான்கு நாடுகளை ஓர் எலி இணைத்ததைப் படித்த அன்று நான் சிரித்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது பல நாடுகளில் மிதிவெடி அகற்றும் பணிகள் தடைப்பட்டன. அதே ஆண்டில் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை ஒப்பந்தத்தை விட்டு வெளியேற முடிவெடுத்தன. உக்ரைனுக்கு நேர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரஷ்யாவின் அயல்நாடுகளுக்கு அச்சம் இருப்பதை நான் இங்கிருந்து கேலி செய்ய முடியாது. ஆயினும் அந்த வாதம் எனக்குப் பழக்கமானது. எங்கள் காணிக்கு இரு பக்கமும் நின்றவர்களும் தற்காப்புக்கென்றே புதைத்தார்கள். புதைத்தவர்கள் போய்விட்டார்கள், சிலர் இறந்தும் விட்டார்கள். புதைத்ததை எடுக்க மட்டும் பல ஆண்டுகளும், பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ளவர்களின் வரிப்பணமும் தேவைப்பட்டன. பின்லாந்தும் இத்தகைய பணிகளுக்குப் பல ஆண்டுகளாக நிதி வழங்கிய நாடு என்பதால், அதன் விலகலை மற்றவற்றைவிடக் கூடுதலான வருத்தத்துடன் படித்தேன். ஒப்பந்தத்தின்படி இலங்கை தன் நிலத்தைச் சுத்தப்படுத்தி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன். கெடுவை எழுதியவர்கள் அதுவரை பணமும் வரும் என்று நம்பித்தான் எழுதியிருப்பார்கள்.

பெரியம்மாவின் காணி 2019 இல் கையளிக்கப்பட்டது. ஒரு கோப்பு, ஒரு வரைபடம், சில கையொப்பங்கள். பெரியம்மா படலையடியிலேயே நின்றார்; உள்ளே காலை வைக்கவில்லை. அதைக் கண்ட அந்தப் பெண்கள், கவசங்கள் எதுவுமின்றி, காணியின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை வரிசையாக நடந்து போய் நடந்தே திரும்பி வந்தார்கள். அவர்களில் சிலர் போரில் கணவரை இழந்தவர்கள் என்று பின்னர் அறிந்தேன்.

பெரியம்மா ஒருவரை அழைத்துக் கேட்டார்: "பிள்ளை, தென்னம்பிள்ளை வைக்க மூண்டடிக் கிடங்கு வெட்டலாமோ?"

"வெட்டலாம் அம்மா. அவ்வளவு ஆழத்திலை ஒருத்தரும் மிதிவெடி வைக்கிறதில்லை. வைச்சாலும் மிதிக்கேக்கை வெடியாது."

பெரியம்மா சிறிது நேரம் யோசித்தார். பிறகு, கிடங்கு வெட்ட ஆள் பிடிக்க வேண்டும், இந்த நாள்களில் பளையில் கூலி என்ன என்று அந்தப் பெண்ணிடமே விசாரிக்கத் தொடங்கினார்.