முகூர்த்தத்துக்கு ஒரு லென்ஸ்

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் லென்ஸ் வாங்கப் போகும்போது தாலி கட்டும் அரை நிமிஷத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. "கெட்டிமேளம்" என்று குரல் வந்ததும் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அட்சதை பறக்கும். நாம் டிரைபாட் போட்டு வைத்த இடத்துக்கு நேர் முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா யாராவது செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார். கேமராவைக் கழற்றிக் கையில் பிடித்துத்தான் எடுத்தாக வேண்டும். லென்ஸ் மாற்ற அங்கே நேரம் ஏது?

நான் வைத்திருப்பது சோனி இசட்வி-ஈ10 கேமரா. இதில் படம் பதியும் சென்சார் அசைந்து, கை ஆடுவதால் வரும் ஷேக்கைச் சரிசெய்யும் வசதி கிடையாது. ஆக்டிவ் மோடு இருக்கிறது, ஆனால் அது படத்தின் ஓரங்களை வெட்டித்தான் ஷேக்கைக் குறைக்கும். நலங்கு வைக்கும் சின்ன அறையில் சுவரோடு சுவராக நிற்கும்போது அந்த ஓரம் போனால் பாதிச் சொந்தக்காரர்கள் போய்விடுவார்கள்.

கேமராவோடு கூடவே வந்த 16-50 மில்லிமீட்டர் கிட் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன், அதாவது ஷேக்கைக் குறைக்கும் வசதி, உண்டு. சிக்கல் வேறு. வெளிச்சம் நுழையும் துவாரமான அபெர்ச்சர் 3.5-இல் இருந்து, ஜூம் பண்ணப் பண்ண 5.6-க்குப் போய்விடும்; இந்த எண் ஏற ஏறத் துவாரம் சின்னதாகும், வெளிச்சம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். மணப்பெண் முகத்துக்குப் போகப் போக முகம் இருண்டுகொண்டே வரும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் நாய்ஸ், அதாவது படத்தில் புள்ளி புள்ளியாக, ஏறும். ஷட்டரையும் தொட முடியாது. நொடிக்கு 25 பிரேம் எடுக்கும்போது ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால்தான் நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட் சிமிட்டாது.

ஆக, ஜூம் முழுக்க ஒரே அபெர்ச்சர், லென்ஸுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன், இரண்டும் வேண்டும். டாம்ரான் 17-70 எஃப் 2.8-இல் (எஃப் என்பது அபெர்ச்சர் எண்) இரண்டும் இருக்கிறது, விலை என் கைக்கு எட்டவில்லை. சிக்மா 18-50 எஃப் 2.8 முந்நூறு கிராம்கூட இல்லை, படமும் பளிச்சென்று இருக்கும்; ஆனால் ஸ்டெபிலைசேஷன் இல்லை. கூட வேலை செய்யும் தம்பிக்கு அதுதான் பிடித்தது.

"அண்ணே, 2.8 இல்லாம மண்டபத்துல எப்படிண்ணே எடுக்கிறது?"

"மண்டபத்துல லைட்டுக்குப் பஞ்சமாடா? கை ஆடுனா என்ன பண்ணுவே?"

நான் எடுத்தது சோனி 18-105 எஃப் 4, செகண்ட் ஹேண்டில். ஒரு ஸ்டாப் குறைவுதான், 2.8-க்கு வரும் வெளிச்சத்தில் பாதி. எல்இடி பேனல்கள் எரியும் மேடையில் அது பெரிய குறையாகத் தெரிவதில்லை. கிராமத்து வீட்டில் ஒற்றை டியூப்லைட்டில் பெண் அழைப்பு என்றால் திணறும்; அதற்கு 35 எஃப் 1.8 ஒன்று பையில் கிடக்கிறது, அதிலும் ஸ்டெபிலைசேஷன் உண்டு. ஜூம் பண்ணும்போது 18-105 வெளியே நீளாது என்பதால் கையில் எடை முன்னால் சாயாது. பக்கவாட்டில் இருக்கும் சின்ன லீவரை மெல்ல அழுத்தினால் ஜூம் வழுக்கிக்கொண்டு போகும். வளையத்தைத் திருப்பும்போது வரும் உதறல் இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று 105-இல் தாலி முடிச்சை எடுக்கும்போது இந்த அருமை தெரியும்.

குறையும் உண்டு. 105-இல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் கிடைக்கும், மெட்டி போடும் குளோசப்புக்குப் பின்னால் நகர வேண்டும். நடந்துகொண்டே எடுத்தால் எந்த லென்ஸ் ஸ்டெபிலைசேஷனும் குலுங்கலை முழுசாகக் காப்பாற்றாது. நான் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துத்தான் எடுக்கிறேன்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து உள்ளே பாருங்கள். எங்கள் தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பங்கஸ் நூல் நூலாகப் படரும். அப்புறம், லீவரை இரண்டு பக்கமும் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் திக்கினால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.