மெடாக்கா வழியாக ஜப்பான்

ஜப்பானுக்கு ஆய்வு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் சில வாரங்கள் படிவங்களிலேயே கழிந்துவிடும். வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அப்புறம் வங்கிக் கணக்கு, கைபேசி என்று ஒன்றன்பின் ஒன்றாக. எனக்கு இந்த ஊரைப் பழக்கியது மீன்தான்.

ஆய்வகத்தில் நாள் ஜீப்ரா மீனின் சௌகரியப்படிதான் தொடங்கும். காலையில் விளக்கு எரிந்ததும் முட்டையிடும். கருவுற்ற முட்டை ஒரே செல்லாக இருப்பது முக்கால் மணி நேரம்தான். அதற்குள் கண்ணாடி ஊசியால் இரண்டைச் செலுத்த வேண்டும்: டோல்2 என்ற தாவும் டிஎன்ஏ துண்டின் முனைகளுக்கு நடுவே நமக்கு வேண்டிய மரபணுவை வைத்த பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையம், அதை வெட்டியெடுத்து மீனின் டிஎன்ஏவில் சேர்க்கும் நொதியைச் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏ. அந்த எம்ஆர்என்ஏ சீக்கிரமே சிதைந்துவிடுவதால், போய்ச் சேர்ந்த துண்டு மறுபடி தாவாது. இந்த உத்தியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் ஊசி போட்ட மீனில் சில செல்களில்தான் மரபணு ஏறியிருக்கும். அடுத்த தலைமுறைக்குப் போகிறதா என்று பார்க்க, அது வளர்ந்து முட்டையிடும்வரை மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது.

டோல்2 இந்த நாட்டுச் சரக்கு. வயல் கால்வாய்களில் வாழும் மெடாக்கா மீனில், நிறமிழந்த ஒன்றின், நிறமி உண்டாக்கத் தேவையான டைரோசினேஸ் மரபணுவுக்குள் அது புகுந்திருந்ததை நகோயா பல்கலைக்கழகக் குழு 1996இல் வெளியிட்டது. ஜப்பானிய விஞ்ஞானி கொய்ச்சி கவாகாமி அதை ஜீப்ரா மீனுக்கான கருவியாக்கினார். 1997இல் வந்த ஸ்லீப்பிங் பியூட்டி என்ற இன்னொரு தாவும் துண்டோ, சால்மன் இன மீன்களில் செயலிழந்து கிடந்த தொடர்களைச் சீர்செய்து உயிர்ப்பித்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி வாசலில் ஒரு தொட்டியில் மெடாக்கா வளர்க்கிறார். என் அரைகுறை ஜப்பானியத்துக்கு அந்தத் தொட்டிதான் பள்ளிக்கூடம். 2023 மார்ச்சில், சிவப்பாக ஒளிரும் மரபணு மாற்ற மெடாக்காவை வளர்த்து விற்றதாகச் சிலரைப் போலீஸ் கைது செய்த செய்தி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "உங்கள் மீனும் ஒளிருமா?" என்று கேட்டார். ஒளிரும், ஆனால் மரபணு மாற்றிய உயிர்களைக் கட்டுப்படுத்தும் கார்டஹேனா சட்டப்படி ஒரு முட்டைகூட வெளியே போகக்கூடாது, வடிகாலில்கூட வலை உண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

சரி, உங்கள் தொட்டி மீன்களிலும் டோல்2 இயற்கையாகவே இருக்கக்கூடும் என்றேன். தொட்டியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இதற்கும் போலீஸ் வருமா?" என்றார்.