சிலோஸ் மடாதிபதியும் 190 யூரோ டாக்ஸியும்

முதலில் டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஸ்பெயினில் பர்கோஸ் நகரத்திலிருந்து சாண்டோ டொமிங்கோ டி சிலோஸ் கிராமம் சுமார் 60 கிலோமீட்டர். பஸ் பேருக்குத்தான் இருக்கிறது, அதில் போனால் ராத்திரி அங்கேயே தங்கியாக வேண்டும். அதனால் நானும் அக்காவும் போக வர 150 யூரோ என்று பேசி ஒரு டாக்ஸியில் ஏறினோம். திரும்பி வந்து இறங்கும்போது, காத்திருந்ததற்குத் தனியாக 40 யூரோ என்று கையை நீட்டுகிறார். ஏறும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாக்குவாதம் செய்து பார்த்தேன், நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டார், கொடுத்துவிட்டோம். இது பட்டப்பகல் கொள்ளை. போகிறவர்கள் தயவுசெய்து பர்கோஸிலேயே காரை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போயே ஆக வேண்டிய இடம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிலோஸில் இருப்பது ஒரு பழைய கிறிஸ்தவத் துறவி மடம். எல்லோரும் இரண்டு விஷயத்துக்காகத்தான் வருகிறார்கள். ஒன்று, துறவிகளின் கிரிகோரியன் பாட்டு, அதாவது வாத்தியம் இல்லாமல் லத்தீனில் பாடும் பழைய வழிபாட்டுப் பாட்டு. 1994-ல் வந்த அவர்களுடைய தொகுப்பு உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்றது. இன்னொன்று, மடத்து உள்முற்றத்தில் 1882-ல் நட்ட சைப்ரஸ் மரம். எங்களோடு உள்ளே வந்த கூட்டம் மரத்தடியில் வரிசை கட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், சிங்கங்கள் தாங்கி நிற்கும் ஒரு கல் பலகை, அதன் மேல் படுத்த நிலையில் ஒரு மடாதிபதியின் உருவம். அவரை முதலில் புதைத்த இடம் அது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்குப் பெயரே அவர் பெயர்தானே! எனக்குக் கோபமே வந்துவிட்டது.

சாண்டோ டொமிங்கோ கிட்டத்தட்ட 1000-ம் ஆண்டில் கான்யாஸ் என்ற ஊரில் பிறந்தவர், சின்ன வயதில் ஆடு மேய்த்தவர். அப்புறம் சான் மில்யான் மடத்தில், ஆசீர்வாதப்பர் சபையில், அதாவது பெனடிக்டின் துறவியாகச் சேர்ந்து, தலைவருக்கு அடுத்த பொறுப்புக்கு வந்தார். அந்த நேரத்தில் நவார்ரா அரசன் கார்சியா மடத்துச் சொத்தைக் கேட்டு வந்து நின்றான். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்று அரசன் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார். விளைவு, நாடு கடத்தல். அவரைக் கூப்பிட்டு இடம் கொடுத்தது யார் தெரியுமா? அந்த அரசனின் சொந்தத் தம்பி, காஸ்டில் அரசன் முதலாம் பெர்னாண்டோ. 1041-ல் இடிந்து கிடந்த சிலோஸ் மடத்தை அவர் கையில் கொடுத்தான். 1073 டிசம்பர் 20-ம் தேதி இறக்கும் வரை அங்கேயே இருந்து அதைத் தூக்கி நிறுத்தினார். இன்றும் அவர் திருநாள் டிசம்பர் 20தான்.

அவரைப் பற்றிச் சொல்லும் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது திருடர்கள் கதை. மடத்துத் தோட்டத்தில் வெங்காயத்தாள் மாதிரியான ஒரு கீரையைத் திருட மண்வெட்டியோடு வந்தவர்கள், என்ன மாயமோ, விடிய விடியத் தோட்டத்தைக் கொத்திக்கொண்டே இருந்தார்களாம். காலையில் அதைப் பார்த்த சாண்டோ டொமிங்கோ, வேலை செய்தவர்களுக்குச் சோறும் கூலியும் கொடுத்து அனுப்புங்கள் என்றாராம்.

இறந்த பிறகுதான் பேர் இன்னும் பெரிதானது. தெற்கே முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளில் சிறைபிடிக்கப்பட்டவர்கள் அவரை வேண்டிக்கொண்டு தப்பி வந்து, கால் விலங்குகளை அவர் கல்லறையில் காணிக்கையாக வைத்தார்கள். 13-ம் நூற்றாண்டில் பெரோ மரீன் என்ற சிலோஸ் துறவி அப்படி வந்தவர்களின் கதைகளை எழுதியே வைத்திருக்கிறார். அப்புறம் பிரசவம். ஒரு காலத்தில் ஸ்பெயின் ராணிகளுக்குப் பேறுகாலம் என்றால் இவருடைய கைத்தடியை அரண்மனைக்கே கொண்டுபோவார்களாம். பக்கத்தில் கலெருவேகாவில் இருந்த ஹுவானா இவர் கல்லறையில் வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு இவர் பெயரையே வைத்தார் என்பது மரபு. அந்தப் பிள்ளைதான் நாம் புனித சாமிநாதர் என்று கும்பிடும் தோமினிக், அதாவது ஸ்பானிஷில் டொமிங்கோ.

இப்போது உடல் இருப்பது கோயிலுக்குள் ஒரு சிற்றாலயத்தில், வெள்ளிப் பேழையில். நாங்கள் போனபோது நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவள் அம்மா பின்னால் நிற்க, ஒரு கை வயிற்றிலும் ஒரு கை கம்பியிலுமாக நின்றிருந்தாள். அக்கா மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். "நீ போய் போட்டோ எடுத்துக்கோடா, நான் இங்கேயே இருக்கேன்" என்று அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

நான் சிற்பங்களுக்குப் போனேன். முற்றத்தின் மூலைத் தூண்களில் பெரிய புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் நம் மயிலாப்பூர்த் தோமையார், மற்ற சீடர்கள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்க, இயேசுவின் விலாவை நோக்கி விரலை நீட்டுகிறார். இன்னொன்று, உயிர்த்த இயேசு எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் இரண்டு சீடர்களோடு நடக்கும் காட்சி. அதில் இயேசுவின் தோள்பையில் ஒரு சிப்பி! ஸ்பெயினின் சந்தியாகு திருத்தலத்துக்கு நடந்து போகும் யாத்ரீகர்கள் வைத்துக்கொள்வார்களே, அதே சிப்பி. அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, வழிகாட்டி வந்து கூப்பிட்டார்.

சாப்பாடு பிரமாதம். 15 யூரோவுக்குப் பூண்டு சூப், அப்புறம் மொர்ஸீயா, அதாவது அரிசியும் வெங்காயமும் போட்ட ரத்த சாஸேஜ், மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் தட்டை வழித்துவிடுவார்கள். ஆட்டுக்குட்டி ரோஸ்ட் எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை, பக்கத்து மேஜை வாசனையோடு சரி.

சொல்ல மறக்கக் கூடாதவை: திங்கட்கிழமை முற்றம் மூடியிருக்கும், மற்ற நாளிலும் மதியம் அடைத்துவிடுவார்கள். மாலை வழிபாட்டுப் பாட்டைக் கேட்கக் காசு வேண்டாம், கோயிலில் போய் உட்கார்ந்தால் போதும். சாண்டோ டொமிங்கோவின் கல்லறையை அலங்கரித்த எனாமல் தகடு பர்கோஸ் மியூசியத்தில் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். டாக்ஸிதான் என்றால் காத்திருப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.