கீழ்வீட்டிலிருந்து வரும் இடது கை

போலந்தின் வார்சாவில் விமான நிலையத்துக்கே இசையமைப்பாளர் ஷோப்பின் பெயர்தான். கடைக்குப் போனால் வோட்கா பாட்டிலிலும் அதே பெயர். நகரத்தில் சில கறுப்புக் கல் பெஞ்சுகள் உண்டு, பொத்தானை அமுக்கினால் அவருடைய இசை வரும். ஆனால் எனக்கு அவரைப் பழக்கியது கீழ்வீட்டு அம்மா. அவர் பியானோ சொல்லித்தருகிறார்.

டிசம்பரில் இங்கே மூன்றரைக்கு முன்பே சூரியன் போய்விடும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போது நல்ல இருட்டு. தரை வழியாக எங்கள் வீட்டுக்கு ஏறிவருவது இடது கை மட்டும்தான்: ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்தை) விடாமல் தட்டிக்கொண்டு, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். படிக்கட்டில் பார்த்தபோது கேட்டேன். ஷோப்பினின் ஓபஸ் 28 (படைப்பின் வரிசை எண்), நான்காவது பிரெலூட் (குட்டி இசைத்துண்டு), ஈ மைனர் (ஈ ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட அமைப்பு) என்றார். "சின்னதுதான். ஆனால் இடது கையைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை."

மொத்தமே 25 பார் (தாளச் சுற்று), இரண்டு நிமிடம் சொச்சம். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது விசித்திரம். நம்மிடம் தம்புரா அப்படியே நிற்கும், ராகம் அதன்மேல் அலையும். இதில் தலைகீழ். ஈ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், வலது கை பஞ்சமத்தில் நின்று சுத்த தைவதத்தைத் தொட்டுத் திரும்புகிறது. முதல் மூன்று பாருக்கும் அவ்வளவுதான் மெட்டு. கீழே கார்டுகளில் ஒரு ஸ்வரம், அப்புறம் இன்னொரு ஸ்வரம் என்று நழுவிக்கொண்டே இருக்கின்றன. அதனால் அதே பஞ்சமம் ஒவ்வொரு தடவையும் வேறாகக் கேட்கிறது. சோகம் மெட்டில் இல்லை, அதன் காலடியில் இருக்கிறது. பாதிக்கு மேல் போனதும் வலது கை ஒருமுறை பொறுக்கமாட்டாமல் குரலை உயர்த்தும். பிறகு அடங்கி, ஒரு மௌனம், மெல்லிய மூன்று கார்டு, முடிந்தது.

1838-39 குளிர்காலத்தில், மயோர்க்கா தீவில் மழையும் இருமலுமாக இருந்தபோது இந்த 24 பிரெலூட்களின் தொகுப்பை ஷோப்பின் முடித்தார். பாரிஸிலிருந்து வந்த பியானோ சுங்கத்தில் சிக்கிக்கொண்டதாம். ஊரிலிருந்து வரும் பார்சலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். 1830-இல், இருபது வயதில், வார்சாவை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1849-இல் பாரிஸில் நடந்த இறுதிச் சடங்கில் இதே பிரெலூட்டை ஆர்கனில் வாசித்தார்கள். உடல் அங்கேயே இருக்கிறது. இதயத்தை மட்டும் அக்கா லூட்விகா இங்கே கொண்டுவந்தார்; புனிதச் சிலுவை தேவாலயத்தின் தூண் ஒன்றுக்குள் அது இருக்கிறது.

இதை அழுது வடிய இழுத்து வாசிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. 'லார்கோ' (மிக மெதுவாக) என்று போட்டிருப்பது சரிதான், ஆனால் தாளக் குறி பாருக்கு இரண்டு அடி என்கிறது, அதாவது நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். கீழ்வீட்டு அம்மாவும் இதே கட்சி. மாணவர்கள் தேங்கினால் அவர் பென்சிலால் பியானோவைத் தட்டுவது மேலே வரை கேட்கும்.